ஆயிரத்தைந்நூறு வாட்ஸ் சைக்கிள்

உ

மண்டூர்

அன்பின் மருமகன் உதயரூபனுக்கு,

மாமா வேலாப்போடி எழுதுவது. முருகன் காவலில் நானும் மாமியும் மாடுகளும் சுகம். அங்கே நீங்களும் மகள் தனுஷியாவும் அப்படியே இருக்க வேண்டும். முன்பெல்லாம் இந்த வரியை நான் சொல்ல, வேறொருவர் எழுதுவார். இம்முறை எல்லாம் என் கை. எமிலி ரீச்சரின் முதியோர் வகுப்பில் இலக்கங்களையும் முடித்துவிட்டேன். எட்டு மட்டும் இன்னும் சரியாக வளையவில்லை. சைபர் மிக நன்றாக வருகிறது.

நீங்கள் வாங்கித் தந்த மின்சாரச் சைக்கிளைப் பற்றித்தான் எழுத வந்தேன். அது வந்த அன்றே நல்லரத்தினம் பார்க்க வந்தான். உழவு மெஷின் வைத்திருப்பவன், எதைக் கண்டாலும் வலு கேட்பான். மோட்டாரில் இருந்த தகட்டைக் குனிந்து பார்த்து, "இருநூற்றைம்பது வாட்ஸா? மச்சான், இது ஃபேன் சுத்தத்தான் காணும்" என்றான். அவன் போனதும் மாமி பூசை செய்து, தகடு தெரியாமல் மோட்டாருக்குச் சந்தனம் அப்பிவிட்டாள். நம் வட்டை வயல்களில் உழவு மெஷின் வைத்திருப்பவர்கள் அதன் நெற்றியில் வலுவைப் பெயின்றால் எழுதுவார்கள், கூட்டித்தான் எழுதுவார்கள், வாசிப்பவர்களும் குறைத்துத்தான் வாசிப்பார்கள், அதனால் நானும் செயின் கவரில் சிவப்புப் பெயின்றால் 1500 என்று எழுதினேன். நான் எழுதி ஊர் வாசித்த முதல் எழுத்து அதுதான். இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

மாமியின் முழங்காலுக்குக் கிளினிக் வாவிக்கு அக்கரையில் என்பது உங்களுக்குத் தெரியும். சைக்கிள் இல்லாவிட்டால் அவளால் துறை வரைகூட நடக்க முடியாது. அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், வாவி கடக்கும் பாதைப் படகுக்காகக் காத்து நின்றோம். அங்கே ஒரு பொலிஸ்காரப் பிள்ளை, நல்ல மரியாதை, "ஐயா, இது எத்தின வாட்ஸ்?" என்று கேட்டார்.

"அதிலயே இரிக்கே மனே, ஆயிரத்தைந்நூறு. எழுதினது நான்தான்."

"அப்ப இது சைக்கிள் இல்ல ஐயா, மோட்டார் சைக்கிள். நம்பர் பிளேட் எங்க? லைசன்ஸ் எங்க? ஹெல்மெட் எங்க?"

என் தலையில் சால்வை இருந்தது. சைக்கிளை ஸ்டேஷனுக்குக் கொண்டு போகத்தான் வேண்டும் என்றார். "உண்மையச் சொல்லுங்களன்!" என்று மாமி முதுகில் இடித்தாள். சொல்லியிருப்பேன். ஆனால் பாதைப் படகில் இருந்து நல்லரத்தினம் இறங்கி வந்துகொண்டிருந்தான். நான் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமிதான் நொண்டி நொண்டிப் போய்ச் சேலைத் தலைப்பை வாவியில் நனைத்து வந்து மோட்டாரைத் துடைத்தாள். 250 வெளியே வந்தது. பொலிஸ்காரப் பிள்ளை சிரிக்காமல் எனக்கு விளக்கினார். மாடு நாள் முழுக்க இழுக்கிற இழுவை வேறு, சேற்றில் புதைந்தால் ஒரு மூச்சுக்கு எத்தி இழுப்பது வேறு, மோட்டாரும் அப்படித்தானாம். தகட்டில் இருப்பது நாள் முழுக்க இழுக்கும் கணக்கு. விற்பவர்கள் பெட்டியில் பெரிதாக அடிப்பது ஒரு மூச்சுக் கணக்கு. சட்டம் பார்ப்பது முதலாவதை. "உங்கட கணக்கு ரெண்டிலயும் இல்ல ஐயா. இது சைக்கிள்தான். அந்தப் பெயின்ற அழிச்சிப்போட்டு உள்ளத எழுதுங்க. மறுகா இப்பிடிக் கண்டா சைக்கிள எடுத்துப்போடுவன்."

நல்லரத்தினம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். "மச்சான், ஃபேன் காத்து வருதா?" என்று மட்டும் கேட்டான்.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டு அழித்து, 250 என்று எழுதினேன். சட்டம் சட்டம்தான். பெரிய மோட்டார் ஒன்றும் அனுப்ப வேண்டாம். ஆசை எல்லாம் அடங்கிவிட்டது.

உங்கள் இருவருக்கும் முருகன் நீண்ட ஆயுளும் வற்றாத விளைச்சலும் தரட்டும். மாமி சுகம் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
வேலாப்போடி (என் கையொப்பம்)

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று நல்லரத்தினம் வந்து 250-ஐ எழுத்துக் கூட்டி, உரத்து வாசித்துவிட்டுப் போனான். தூரிகையில் கொஞ்சம் பெயின்ற் மிச்சம் இருந்தது. சைபர் எனக்கு நன்றாக வரும் என்று முன்னமே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் இடமும் இருந்தது. வருகிற கிழமை மாமிக்குத் திரும்பவும் கிளினிக். துறையில் அதே பிள்ளைதான் நிற்கிறாராம். அதற்கு முன் ஒருக்கால் வந்து போகவும். வரும்போது ஹெல்மெட் இரண்டு.