தலைவர் பதவியும் இலவச டிரில்லும்

அந்த வருஷம் கோடை விடுமுறை தொடங்கிய அன்று நான் ஒரு மகத்தான தீர்மானத்துக்கு வந்தேன். எங்கள் வீதிச் சங்கத்துக்கு இனி நான்தான் தலைவர்.

சங்கம் ஒன்றும் பெரிதல்ல. கோயமுத்தூரில் புதிதாக எழும்பிய பேட்டையில் ஒரே ஒரு வீதி. சங்கத்தின் சொத்து ஒரு காலி மைதானம். மைதானத்துக்கு முள்வேலி, வேலிக்கு ஒரு கேட், கேட்டுக்கு ஒரு பூட்டு. பூட்டின் சாவி தலைவர் இடுப்பில். எனக்கு வேண்டியது தலைவர் பதவிகூட இல்லை. அந்தச் சாவிதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பாலுசாமி. பஞ்சு வியாபாரம். விலை இறங்கட்டும் என்று மில்லுக்காரர்கள் காத்திருப்பார்கள். விலை ஏறட்டும் என்று நான் காத்திருப்பேன். இரண்டு தரப்பும் காத்திருக்கிற வரையில் மூட்டைகள் என் வீட்டு ஹாலில் காத்திருக்கும். விருந்தாளி வந்தால் மூட்டை மேல் ஏறித்தான் உட்கார வேண்டும். இறங்குவதற்கு வீட்டிலுள்ள யாராவது கை கொடுக்க வேண்டும்.

"ஏம்புள்ள, இட்லியில பஞ்சு கெடக்குது!" என்று ஒரு நாள் கத்தினேன்.

"இட்லி பஞ்சாட்டம் இருக்கோணும்னு நீங்கதானுங்க கேட்டீங்க" என்றாள் என் மனைவி மாசாணியம்மாள்.

மைதானம் கைக்கு வந்தால் அங்கே ஒரு கொட்டகை போட்டு மூட்டைகளை அடுக்கிவிடலாம். இதுதான் என் திட்டம்.

குறுக்கே நின்றவர் எதிர்வீட்டுச் சீனிவாசலு நாயுடு. இரும்புப் பட்டறை முதலாளி. வருஷா வருஷம் கை தூக்கி நடக்கும் தேர்தலில் அவர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீதி ஆண்களுக்கெல்லாம் அவர் வீட்டில் காப்பியும் சீட்டுக்கட்டும் உண்டு. காப்பி குடித்த கை காப்பி கொடுத்தவருக்குத்தானே உயரும்? நானும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். என்ன கொடுப்பது?

வழி என் மாமரத்திலிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தால் கிளைக்கு ஒரு பிள்ளை தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் மூடிவிட்டது. பதினாலு, பதினைந்து வயசுப் பிள்ளைகள் எல்லாம் மரத்தின் மேலும் மதிலின் மேலும்தான் வாசம். பெற்றவர்களுக்குத் தலைவலி. அன்று மாலையே வீதி முழுக்கத் தமுக்கடிக்கச் சொன்னேன்.

"இளைஞர்களுக்கும் குடும்பத்தாருக்கும் இலவச நிகழ்ச்சிகள்! டிரில் இலவசம்! பூப்பந்து இலவசம்! சைக்கிள் பயிற்சி இலவசம்! முதலுதவி இலவசம்! பாட்டு இலவசம்! உபயம் பாலுசாமிக் கவுண்டர்!"

நாயுடு கேட்டைத் திறந்துவிட்டார். திறக்காவிட்டால் பிள்ளைகளின் விரோதி என்று பெயராகும்.

மாசாணி கேட்டாள், "ஏனுங்க, இத்தனையும் யாருங்க சொல்லித்தாரது?"

"நாந்தான்."

"உங்களுக்குச் சைக்கிள் தெரியுமுங்களா?"

"பாத்திருக்கறேன்."

"பாட்டு?"

"கேட்டிருக்கறேன்."

"டிரில்லு?"

"குனிஞ்சு நிமுந்தா டிரில்லு. இதுக்கு ஒரு படிப்பா?"

மறுநாள் விடியற்காலை மைதானத்தில் குனிந்தேன். நிமிர முடியவில்லை. பிள்ளைகள் ரொம்பவும் கீழ்ப்படிதலுள்ளவர்கள். அதுதான் பயிற்சி என்று நினைத்து அத்தனை பேரும் என்னோடு குனிந்தபடியே நின்றார்கள். மாசாணி வந்து என்னை மடக்குக் கத்தி மாதிரி விரித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க படுத்துக்குங்க. நான் பாத்துக்கறேனுங்க. பேரு உங்களுதாவே இருக்கட்டும்."

வேலை அவளுக்கு, பேர் எனக்கு. இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா? ஒப்புக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மாசாணி கிணத்துக்கடவுக்காரி. தென்னந்தோப்பில் ஆட்களை மேய்த்துப் பழகின குரல். அந்தக் குரலுக்கு விசில் தேவையில்லை. ஆனாலும் ஒரு விசில் வாங்கினாள். மில்லிலிருந்து ஒரு டிரில் மாஸ்டரைப் பிடித்தாள். ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருத்தியை முதலுதவிக்குப் பிடித்தாள். பாட்டு வகுப்புக்கு யாரைப் பிடித்தாள் தெரியுமா? நாயுடுவின் சொந்த மனைவி ரங்கம்மாளை! எதிரியின் கோட்டைக்குள்ளேயே என் ஆள்! சைக்கிளைத் தானே பழகிக்கொண்டு, மற்றப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

எங்கள் மகள் ராமாமணிக்குப் பதினாலு வயசு. அதுவரை மூட்டைகளின் இடுக்கில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்த பெண். இப்போது பூப்பந்து மட்டையை எடுத்தால் நாயுடுவின் மகன் ஓடி ஒளிந்தான். அவள் சிரிப்பு மைதானத்திலிருந்து என் வீடுவரை கேட்டது. அவளுக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நானும் சும்மா இருக்கவில்லை. முதலுதவி வகுப்பில் அடிபட்டவனாகப் படுத்துக் கொடுத்தேன். என் பஞ்சை வைத்து எனக்கே கட்டுப் போட்டார்கள். கட்டி முடித்ததும் என்னையும் ஒரு மூட்டை என்று நினைத்து ஒருவன் உட்காரப் பார்த்தான். போகட்டும், பொதுக் காரியம்.

சங்கக் கூட்டங்களை நடத்தித் தரும் வக்கீல் அங்கப்பன் என்னை வழியில் நிறுத்தினார். "கவுண்டரே, என்ற பையன் இப்பத்தானுங்க வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கறான். எல்லாம் உங்க புண்ணியம்."

"என்ற கடமைங்க" என்றேன் அடக்கமாக. வெற்றி மணக்க ஆரம்பித்துவிட்டது. சாவியின் கனம் இடுப்பில் தெரிந்தது.

அந்தக் குஷியில்தான் சாப்பாட்டு வேளையில் வாய் தவறியது.

"ஏனுங்கப்பா, ஆயுதபூசைக்கு நம்ம மைதானத்துல டோர்னமெண்டு வெக்கலாமுங்களா?" என்று ராமாமணி கேட்டாள்.

"ஆயுதபூசைக்கு அங்க பஞ்சுக் கொட்டகைதான் கண்ணு இருக்கும். தேர்தல் முடிஞ்சா நிகழ்ச்சியும் முடிஞ்சுது. ஜெயிச்சவனுக்கு எதுக்கு டிரில்லு?"

ராமாமணி கையிலிருந்த மட்டையைச் சுவரோரம் சாத்தினாள். போய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு தும்மல் கேட்டது.

எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. மாசாணியைப் பார்த்தேன். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் கல்யாணமான நாள் முதல் உப்புக்கும் புளிக்கும்கூட என்னோடு வாதாடியவள் அவள். அவள் வாதாடாமல் "சரிங்க" என்றால் நான் நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

மறுநாள் பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஆம்பளைங்க எல்லாரும் நாயுடுவுக்குத்தான் கை தூக்குவாங்களாமா. ரங்கம்மா சொல்லுச்சு."

"அட சாமி! அப்ப நம்ம நிகழ்ச்சி?"

"அதுக்கு வாரதெல்லாம் பொம்பளைங்களும் பொடுசுகளுந்தானுங்களே. அவிகளுக்கெல்லாம் சங்கத்துல கை தூக்கற பாத்தியதை இல்லையே. பாவம், நீங்களும் என்ன பண்ணுவீங்க" என்று பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனாள்.

நான் துள்ளி எழுந்தேன். மூளை என்றால் மூளை! நேரே வக்கீல் வீட்டுக்கு ஓடினேன். "நிகழ்ச்சி குடும்பத்துக்கு. அப்பறம் ஓட்டு மட்டும் எதுக்குங்க ஆம்பளைக்கு? பொம்பளைங்க, வயசுப் பிள்ளைங்க, அத்தனை பேரும் கை தூக்கட்டும்!" என்றேன். வக்கீல் கூட்டத்தைக் கூட்டினார். நாயுடுவும் சம்மதித்தார். அவர் வீட்டில் பெண்கள் அதிகம், எல்லாம் தனக்குத்தான் என்று கணக்குப் போட்டிருப்பார். பாவம், வெகுளி மனுஷர்.

"பாத்தயா புள்ள, என்ற மூளைய?"

"எனக்கெல்லாம் இது எங்கீங்க தோணப்போகுது" என்றாள் மாசாணி.

தேர்தல் நாள் வந்தது. மைதானத்தில் திருவிழாக் கூட்டம். அத்தனை குடும்பமும் ஆஜர். நாயுடு எழுந்து, "எப்பவும்போல எனக்கே ஆதரவு தரோணும்" என்று இரண்டு வார்த்தை பேசி உட்கார்ந்தார். இதெல்லாம் ஒரு பேச்சா? நான் எழுந்தேன்.

"ஊட்டுக்கு ஒரு ஓட்டு இருந்துது. அதை ஊட்டுல இருக்கற அத்தனை பேருக்கும் ஓட்டுன்னு மாத்துனவன் நான்!"

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. எனக்கு வேகம் வந்துவிட்டது.

"விடியறதுக்கு முன்னால உங்க பிள்ளைங்களை எழுப்பினது யாரு? உங்க பொண்ணுங்களுக்குச் சைக்கிள் பழக்கினது யாரு? மரத்துல தொங்கின பசங்களைக் கீழ எறக்கி மனுசனாக்கினது யாரு? மனசைத் தொட்டுச் சொல்லுங்க! அவிகதான் தலைவராகோணும்னு நெனைக்கறவங்க கை தூக்குங்க!"

கைகள் எழுந்தன. ஆண் கை, பெண் கை, வளையல் கை, பந்து மட்டை பிடித்த கை. கைக்குழந்தை ஒன்றின் கையையும் யாரோ தூக்கிப் பிடித்தார்கள். நாயுடுவின் கையும் மேலே! எதிரியே சரணாகதி! எனக்குக் கண்ணில் நீர் தளும்பியது. உணர்ச்சி வேகத்தில் நானும் என் கையைத் தூக்கினேன்.

"ஏகமனது" என்றார் வக்கீல். "பேரைச் சொல்லுங்க, பதியோணும்."

மைதானமே ஒரே குரலில் கத்தியது.

"மாசாணியக்கா!"

எனக்குக் காதில் பஞ்சு அடைத்தது.

"வக்கீலய்யா, நான் கேட்டது என்னையத்தானுங்களே..."

"நீங்க கேள்வி கேட்டீங்க, சனங்க பதில் சொல்லிப்போட்டாங்க. உங்க கையும் மேலதான் இருக்குது. தாராளமாச் செல்லுமுங்க."

கையை இறக்கினேன். அதற்குள் ரங்கம்மாள் தன் கூடையிலிருந்து ஒரு ரோஜா மாலையை எடுத்து மாசாணியின் கழுத்தில் போட்டாள். அத்தனை பெரிய மாலையை அந்த நிமிஷத்தில் யாரும் கட்டிவிட முடியாது.

நாயுடுவின் பக்கம் திரும்பினேன். "நீங்களுமா நாயுடு?"

"என்ன பண்றதுங்க கவுண்டரே? எனக்கே நான் கை தூக்கினா ஊட்டுல எனக்குக் காப்பி இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க."

மாசாணி பேசினாள். நிகழ்ச்சிகள் இனி வருஷம் முழுக்க நடக்கும். ஆயுதபூசைக்கு டோர்னமெண்டு உண்டு. எல்லாம் இலவசம். ராமாமணி போட்ட கூச்சல் மதுக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குப் பெருமையாக இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது. வெளியில் காட்டவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் முறைப்பாகவே நடந்தேன். "ஏம்புள்ள, அப்ப என்ற பஞ்சு மூட்டை?"

"மதுக்கரை ரோட்டுல எங்கண்ணன் கொட்டகை ஒண்ணு சும்மா கெடக்குதுங்க. நாளைக்கு வண்டி வருது. எல்லாம் பேசிப்போட்டேன்."

"எல்லாம் பேசிப்போட்டயா? எப்ப?"

"நீங்க ரசம் ஊத்திச் சாப்பிட்டீங்களே, அதுக்கு அடுத்த நாளுங்க."

நான் நாட்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அவளுக்கும் என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"மொகத்தைத் தூக்கி வெச்சுக்காதீங்க. சங்கத்துல உங்களுக்கும் ஒரு பதவி போட்டிருக்கறேனுங்க. நெலையான பதவி. நாளைக்குப் பொழுதோட வந்து ஏத்துக்குங்க."

இருக்காதா பின்னே? கட்டின புருஷன் அல்லவா! காரியதரிசியா, உபதலைவரா என்று யோசித்துக்கொண்டே மறுநாள் கோட்டுப் போட்டேன். ஜரிகை அங்கவஸ்திரம் போட்டேன். தலைப்பாகையும் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாரும் எனக்காகவே காத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் கைதட்டினார்கள்.

பூப்பந்து வலையின் ஒரு பக்கத்துக் கம்பம் கரையான் அரித்து விழுந்திருந்தது. வலைக்கயிற்றை என் கையில் கொடுத்து, "அசையாம நில்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டு ராமாமணி முதல் பந்தை அடித்தாள்.