மாக் டிரில் ஆற்றில் இறங்கினார்

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே தன் சாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒருமுறை முன்கூட்டியே நடத்திப் பார்த்துவிட்ட மனிதர் அவர் ஒருவர்தான். சாவையும் பாதி நடத்திப் பார்த்தார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனி ஒன்றில் நான் மெஷின் ஓட்டுகிறேன். அவர் அங்கே சேஃப்டி சூப்பர்வைசர். சம்பளச் சீட்டில் என்ன பெயர் போட்டிருந்ததோ, எங்களுக்கு அவர் மாக் டிரில். மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் ஐ.டி.ஐ. படித்து, தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் கம்பெனிக்குள் வந்தவர். தீ பிடித்தால், கரண்ட் அடித்தால், கேஸ் கசிந்தால் என்று மாதத்துக்கு ஒரு ஒத்திகை, அதாவது மாக் டிரில், நடத்துவார்.

ஒருநாள் கேன்டீனில் “ஆள் மயங்கி விழுந்தால்” என்று ஒத்திகை. விழுகிற வேஷத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். சாம்பார் வாளி கவிழாதபடி இடம் பார்த்து அழகாகச் சாய்ந்தார். அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண் பயந்துபோய் நிஜ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். இவர் எழுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் ஒத்திகை முடிந்தது என்று விசில் அடித்தால்தான் எழ வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவரும் அவர்தான், விசிலும் அவர் சட்டைப் பையில்தான். ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள், கண்ணைத் திறக்கவில்லை. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது எழுந்து உட்கார்ந்து விசிலை ஊதினார்.

“வண்டி வந்த வேகம் கரெக்டு. ஆனா நெஞ்சுக்கு பெல்ட்டு போடல பாரு, அது தப்பு,” என்றார் டிரைவரிடம்.

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “யோவ், உசுரு கீதா உனக்கு? அப்ப இன்னாத்துக்குயா இம்மாந்தூரம் படுத்துகினு வந்த?”

மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் திருப்போரூர் மண்டபத்தில் முழு ஒத்திகை நடந்தது. அதில் நான்தான் மாப்பிள்ளை. எனக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள். ஆபத்து என்றால் எல்லாரும் ஓடி வந்து நிற்பதற்காக மண்டப வாசலில் “கூடுமிடம்” என்று ஒரு பச்சைப் பலகை நட்டார். கல்யாணத்தன்று வாசலில் எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் மாப்பிள்ளை தலைக்கு மேல் அந்தப் பலகைதான். அது யாரோ ஸ்பான்சரின் விளம்பரம் என்று சம்பந்தி வீட்டார் இன்றுவரை நம்புகிறார்கள்.

இப்படிப்பட்டவர் எங்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு காட்டாற்றில் இறங்கப் போகிறார் என்றபோது, கம்பெனியே சிரித்தது.

அந்தப் பயணத்துக்குக் காரணம் தாஷி. லடாக்கைச் சேர்ந்தவர். குளிர்காலத்தில் மகாபலிபுரத்துக்கு வந்து, வெளிநாட்டுக்காரர்கள் திரிகிற தெருவில் சால்வையும் பாசிமணியும் விற்பார். கோடையில் ஊருக்குப் போய், காற்றடைத்த தடித்த ரப்பர் படகில் ஆட்களை ஏற்றி ஆற்றில் கூட்டிப்போகிற வழிகாட்டி. ராஃப்டிங் என்கிறார்களே, அது. பல வருஷம் இங்கே கடை போட்டதில் நம் ஆட்களைப் போலவே தமிழ் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாக் டிரில் அந்தக் கடைக்குள் நுழைந்தார். வாங்குவதற்கு இல்லை. இவ்வளவு துணி வைத்திருக்கிற கடையில் தீயணைப்பு சிலிண்டர் எங்கே என்று கேட்பதற்கு. நானும் கூட இருந்தேன். சுவரில் ஒரு பெரிய படம். இரண்டு பக்கமும் வானம் வரைக்கும் செங்குத்தாகப் பாறை, நடுவில் நுரைத்துக்கொண்டு ஓடுகிற ஆறு, அதில் எறும்பு மாதிரி ஒரு படகு.

மாக் டிரில் சிலிண்டரை மறந்துவிட்டுப் படத்துக்குக் கிட்டே போனார்.

“இதுக்கு எக்ஸிட்டு எங்கபா?”

“எக்ஸிட் இல்லண்ணா. ரோடு கிடையாது, போன் கிடையாது. உள்ள இறங்கினா அஞ்சாவது நாள் கடைசியிலதான் வெளிய.”

“நடுவுல ஏதுனா ஆச்சின்னா?”

“நடுவுலதான் இருக்கணும்.”

முப்பது வருஷமாக எல்லாச் சுவரிலும் வெளியேறும் வழி என்று அம்புக்குறி வரைந்த மனிதர். வெளியேறும் வழியே இல்லாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அதைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. திரும்பி வரும்போது பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து என் முதுகிடம் சொல்லிக்கொண்டே வந்தார்: “எக்ஸிட்டே இல்லியாம்பா. எப்படிபா அப்படி ஒரு எடத்த வச்சிகினு கீறானுங்க?”

இரண்டு சிக்கல்கள் இருந்தன. அறுபது வயது நிறைந்தவர்களை அந்தப் பயணத்தில் ஏற்றுவதில்லை. மாக் டிரிலுக்கு வருகிற அக்டோபரில் அறுபது. போனால் இந்தக் கோடை, விட்டால் என்றைக்கும் இல்லை. இன்னொன்று, தனிப் படகு வேண்டுமானால் ஏழு பேர் சேர வேண்டும். ஒருவர் குறைந்தாலும் பயணம் இல்லை. எங்கள் ஷிஃப்ட்டில் ஐந்து பேரைப் பிடித்தார். அவரோடு ஆறு. ஏழாவது பெயரை என்னைக் கேட்காமலேயே எழுதினார்.

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர் ஏரியில் மழை நன்றாகப் பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். பக்கத்தில் பிளாட் போட்ட பிறகு அது முழங்காலுக்கு இறங்கிவிட்டது. அதில் எதை நீந்துவது? ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபோது இதைச் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஜனவரியில் ஒத்திகைகள் ஆரம்பமாயின. முதலில் தண்ணீர் புகாத பை. அலட்சியமாகச் சோதித்தால் உண்மை தெரியாது என்பது அவர் கட்சி. ஆகவே அதற்குள் தன் மனைவியின், எங்களுக்கு அண்ணி, கூறைப்புடவையை வைத்து, வாயைக் கட்டி, கிணற்றில் இறக்கினார். பையில் கோளாறு ஒன்றும் இல்லை. அதன் வாயை மூன்று மடிப்பு மடிக்க வேண்டும், இவர் இரண்டு மடித்திருந்தார்.

அடுத்தது டப்பா. அந்தப் பள்ளத்தாக்கில் மனிதர்கள் எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது. எதையும் என்றால் எதையுமே. காலைக்கடனுக்கு என்று மூடி போட்ட டப்பா ஒன்று படகிலேயே வரும், கடைசி நாள் வரை கூடவே பயணம் செய்யும். மாக் டிரில் மொட்டை மாடியில் கூடாரம் அடித்து, ஒரு பெயின்ட் டப்பாவோடு இரண்டு நாள் குடியேறினார். நான் பார்க்கப் போனபோது அண்ணி கீழே கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தார்.

“வாப்பா. வூட்ல டைல்ஸ் ஒட்டி, பேசின் வச்சி, பாத்ரூம் கட்டி வச்சிகீறேன். இந்த மனுசன் மேல டப்பாவுல குந்திகினு கீறாரு. பக்கத்து வூட்டுக்காரி, உங்களுக்குள்ள சண்டையான்னு கேக்கறா. நான் இன்னான்னு சொல்றது?”

மாடியில் இருந்து குரல் வந்தது. “டிரெய்னிங்னு சொல்லு.”

“அத நான் வெளிய சொல்வனாய்யா?”

பிறகு படகு ஒத்திகை. அவர் மச்சானின் ஃபைபர் படகு குப்பத்து மணலில் ஏறி நின்றிருந்தது. அதில் எங்களை ஏற்றி, ஆளுக்கு ஒரு துடுப்பு கொடுத்து, மணலைத் தள்ளச் சொன்னார். “ஃபார்வர்டு” என்றால் முன்னால், “பேக்” என்றால் பின்னால். மீன் கூடையோடு போன பெண்கள் நின்று பார்த்தார்கள்.

“இன்னா அண்ணாத்த, இன்னிக்கு மணல்ல மீன் கீதா?”

“போவியா, டிரெய்னிங் நடக்குது.”

“நடக்குது நடக்குது. படகுதான் நடக்கல.”

ஒரு மாதம் இப்படி மணல் தள்ளிய பிறகு, தாஷியை அழைத்து வந்து பெருமையாகக் காட்டினார். தாஷி ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கேட்டார்: “முன்னாடி பெரிய அலை. இப்போ என்ன பண்ணுவீங்க?”

நாங்கள் ஏழு பேரும் ஒரே மாதிரி துடுப்பைத் தூக்கிப் பிடித்துச் சிலையாக நின்றோம். அப்படித்தான் பழக்கியிருந்தார். மாக் டிரில் விளக்கினார்: “நிக்கணும். எண்ணணும். பெருசு ரெண்டு மூணு வந்து போவும். அப்பால ஒரு சந்து கெடைக்கும். அதுல பூந்துடணும். எங்கப்பன் காலத்துலருந்து நாங்க கடல்ல அப்படித்தான் எறங்கறோம்.”

“எவ்ளோ நேரம் நிப்பீங்க?”

“அது போற வரிக்கும்.”

“அது போகாதுண்ணா.”

“போவாம?”

“கடல்ல அலை வருது, போகுது. ஆத்துல தண்ணிதான் போகுது. கீழ பாறை இருக்குல்ல, அது மேல விழுந்து எழும்புற அலை அங்கயே நிக்கும். நான் சின்னப் பையனா இருந்தப்போ பாத்த அலை இன்னிக்கும் அதே இடத்துல நிக்குது. நின்னு எண்ணினீங்கன்னா படகு கவுந்துடும். நேரா மோதி, ஏறி இறங்கணும்.”

ஒரு மாத ஒத்திகையும் தப்பு. கடற்கரையில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மனிதர் குன்றிப்போவார் என்று நான் பயந்தேன். அவரோ படகிலிருந்து இறங்கி, எதிரே வருகிற, உடைகிற, திரும்பிப் போகிற கடலலைகளை முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அலை நிக்குமா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “போவவே போவாதா?” என்றார். அன்றைக்கு முழுக்க அதே கேள்விதான். கம்பெனி பஸ்ஸில், அட்டெண்டன்ஸ் பஞ்ச் வைக்கிற இடத்தில், கை கழுவுகிற குழாயடியில். “நிக்கிற அலைய பாக்காம ரிட்டயர் ஆவக் கூடாதுபா.”

கடைசியாக தாஷி வைத்த பரீட்சை. கடற்கரைச் சாலைப் பாலத்துக்கு அடியில், கடல் உள்வாங்கும் நேரத்தில் உப்பங்கழியின் தண்ணீர் நல்ல வேகத்தில் ஓடும். லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் போட்டுக்கொண்டு இரண்டிரண்டு பேராக அதில் விழ வேண்டும். பாலத்தின் மேல் போய் நின்றோம். இனி மறைக்க முடியாது.

“அண்ணாத்த, எனக்கு நீச்சல் தெரியாது.”

“தெரியும்,” என்றார் அவர். “மணல்ல நிக்கிற படகுலயே விளிம்ப புடிச்சிகினு குந்தனவன் நீ ஒர்த்தன்தான்.”

“அப்ப ஏன் என் பேர எழுதினீங்க?”

“ஏழு பேரு வேணுமேபா.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அத்தோட, பயந்தவன்தான் சொன்னா கேப்பான்,” என்றார்.

தாஷியிடம் அவரே போய்ச் சொன்னார். தாஷி சிரித்தார். “நீச்சல் வேணாம்ணா. விழுந்தா மல்லாக்கப் படுக்கணும். கால் முன்னாடி. பாறை வந்தா கால் பாத்துக்கும். யார் எங்க போறாங்கன்னு பாக்கக் கூடாது. கரையிலருந்து கயிறு வர்ற வரைக்கும் சும்மா மிதக்கணும். அவ்ளோதான்.”

சும்மா இருப்பதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. விழுந்தேன், மல்லாந்தேன், பயத்தில் விறைத்துப்போய்க் கட்டை மாதிரி மிதந்தேன். கயிறு வந்தது. நான் பாஸ். என்னோடு விழுந்த மாக் டிரில், கொஞ்ச தூரம் மிதந்தவர், திடீரென்று குப்புறப் புரண்டு, நான்கே வீச்சில் என்னிடம் நீந்தி வந்து என் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணா, திரும்ப,” என்றார் தாஷி.

இரண்டாவது முறையும் அதேதான். மூன்றாவது முறை என்னைப் பிடித்ததோடு நில்லாமல் கரைக்கே இழுத்து வந்துவிட்டார். தாஷி எங்களுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“அண்ணா, இப்படின்னா உங்கள ஏத்த முடியாது. அங்க ஒருத்தர் பின்னாடி நீங்க போயிட்டீங்கன்னா நான் ரெண்டு பேரத் தேடணும். இன்னும் ஒரே ஒரு தடவை. அவ்ளோதான்.”

கடலில் பிறந்தவர் ஃபெயில், முழங்கால் ஏரிக்காரன் பாஸ். யாரும் சிரிக்கவில்லை. மாக் டிரில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார்.

“நான் இன்னாபா பண்றது? கண்ணு வானத்த பாக்குது. காது இவன்கிட்ட கீது. சத்தமே இல்ல. தண்ணிக்குள்ள பூட்டானோன்னு தோணுது. ஒடம்பு தானா திரும்பிக்குது.”

நான்காவது முறை தண்ணீரில் விழுந்த உடனே நான் பேச ஆரம்பித்தேன். எதைப் பேசுவது என்று யோசிக்க நேரமில்லை. கேன்டீன் சாம்பார் தண்ணியாக இருப்பது பற்றி, நாலாம் நம்பர் மெஷின் போடுகிற சத்தம் பற்றி, அந்த மெஷினுக்கு நான் வைத்திருக்கிற பெயர் பற்றி, என் மைத்துனன் வாங்கிய பைக் பற்றி. உப்புத்தண்ணீர் வாயில் போகப் போகத் துப்பிவிட்டுப் பேசினேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் மல்லாந்து, கையைக் கட்டிக்கொண்டு, கால் முன்னால் நீட்டி, வானத்தைப் பார்த்துக்கொண்டு போனார். புரளவில்லை. பாலத்தைத் தாண்டியபோது தலையைத் திருப்பாமலேயே கேட்டார்: “மெஷினுக்கு பேரு வச்சிகீறியா? எங்கிட்ட சொல்லவே இல்லியேபா.”

கயிறு வந்தது. தாஷி கரையில் இருந்து கட்டைவிரலைக் காட்டினார்.

ஆகஸ்டில் போனோம். படத்தில் பார்த்த அதே பாறை, அதைவிட உயரம். மூன்றாம் நாள் அந்த அலையைக் கண்டோம். வீட்டுக் கூரை உயரத்துக்கு எழும்பி, இடத்தை விட்டு நகராமல் நின்றது. அதற்குள் இறங்கும் முன் படகைக் கரையில் கட்டச் சொல்லி, மாக் டிரில் ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வெகு நேரம் ஆயிற்று. போகலாமா அண்ணா என்று தாஷி கேட்டதற்கு, “இருபா, போவுதான்னு பாக்கறேன்,” என்றார்.

படகில் அவர் முன்வரிசை, நான் அவருக்கு நேர் பின்னால். காது வலிக்கிறது, கொஞ்சம் வாயை மூடு என்று மற்ற ஐந்து பேரும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார்கள். அந்த ஐந்து நாளும் நான் பேச்சை நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் அவர் திரும்பிப் பார்ப்பார்.