வாளி இருக்கட்டும்

பேசியே கொல்கிறவர்களை நீங்கள் அறிவீர்கள். பேசாமலே கொல்கிறவர்களையும் அறிவீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கக்கூடும். அண்மைக் காலத்தில் மூன்றாவதாக ஒரு வகையினர் கிளம்பியிருக்கிறார்கள். துடைத்தே கொல்கிறவர்கள்.

கையில் துணி இருக்காது, துடைப்பம் இருக்காது. ஒரு கைபேசியும் ஓர் ஆள்காட்டி விரலும் போதும். செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் அந்தக் கைபேசிக்குள் ஒரு வேலைக்காரன் குடியேறியிருக்கிறான். படத்தில் வேண்டாததை விரலால் வட்டமிட்டுக் காட்டினால், அவன் அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று தானே ஊகித்து, சுவரையோ வானத்தையோ நெய்து ஒட்டிவிடுவான். எதற்கு அழிக்கிறாய் என்று கேட்கமாட்டான். அழிக்கட்டுமா என்று மட்டும் கேட்பான். இப்படி ஒரு வேலைக்காரன் வாய்த்தால் எந்த முதலாளிதான் ஒழுங்காக இருப்பார்?

இவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. குழந்தை முதன்முதலாக அடியெடுத்து வைக்கிறது. வீடே குழந்தையைப் பார்த்துக் கண்கலங்குகிறது. இவர் மட்டும் குழந்தைக்குப் பின்னால் கிடக்கும் செருப்பைப் பார்த்துக் கலங்குவார். கடற்கரைக்குப் போனால் படத்தில் கடல் இருக்கும், மணல் இருக்கும், கூட வந்த கூட்டம் இருக்காது. கல்யாணப் படத்தில் தண்ணீர் பாட்டில்களை அழிப்பார், பிளாஸ்டிக் நாற்காலிகளை அழிப்பார், அந்த வேகத்தில் மேடையையும் அழித்துவிடுவார். மணமக்கள் அந்தரத்தில் நின்று புன்னகைப்பார்கள். “அனுப்பிடாத, அனுப்பிடாத, கொஞ்சம் சுத்தம் பண்ணிக்கிறேன்” என்பது இவர்களது மூச்சு.

நம் கதாநாயகரையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்சல் அலுவலகத்தில் பில் போடுகிற மனிதர். காதோரம் நரை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, எறும்பைக்கூட ஊதி நகர்த்திவிட்டு உட்காருகிற இளகிய மனசு. அண்ணன் பிள்ளைகள் அவருக்கு ‘ரப்பர் சித்தப்பா’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் பஸ் ஏறி அலுவலகத்துக்கும் போய் ‘ரப்பர் சார்’ ஆகிவிட்டது.

ஆகாமல் என்ன செய்யும்? மேலாளர் மாற்றலாகிப் போன அன்று எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். மேலாளர் பக்கத்தில் நின்ற காசாளர் கண்ணை மூடிவிட்டார். பாவம், தும்மல். நம்மவர் காசாளரை அழித்தார். ஆள் போய்விட்டார், ஆனால் மேலாளர் தோளில் அவர் போட்டிருந்த கை போகவில்லை. உடலும் இல்லாமல் முகமும் இல்லாமல் ஐந்து விரல்கள் மட்டும் அந்தத் தோளை ஆசையாகப் பற்றிக்கொண்டிருந்தன. அந்தக் கை யாருடையது என்று மேலாளரின் மனைவி இன்றும் விசாரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

“தெரியாமத்தான் கேக்கறேன், கண்ண மூடினது ஒரு குத்தமா சார்?” என்றார் காசாளர்.

“நீங்க நல்லா இல்லாத படத்துல நீங்க இருக்கறதவிட, இல்லாம இருக்கறதுதான் உங்களுக்கு நல்லது” என்றார் நம்மவர். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. சத்தியமாக. அழுக்கைப் பார்த்தால் அவருக்கு அருவருப்பு வருவதில்லை, துக்கம் வருகிறது.

அப்பேர்ப்பட்டவருக்குக் கடவுள் எப்படிப்பட்ட வீட்டைக் கொடுத்தார் தெரியுமா? ஒழுகுகிற வாடகை வீடு.

முன்னறையின் கூரையில் ஈரக்கறை ஒன்று முதலில் தோசைக்கல் அளவில் தோன்றி, பிறகு குடை விரித்து, பிறகு ஓரங்களில் பழுப்பு வளையம் கட்டி, சொட்டத் தொடங்கியது. கீழே கைப்பிடி உடைந்து துணிக்கிழிசலால் கட்டப்பட்ட நீல வாளி. வாளிக்கு ஒரு முழம் தள்ளித் தையல் மெஷின். மெஷினில் அவர் மனைவி. தெருவே அவளிடம்தான் துணி கொடுக்கிறது. மகளின் கல்லூரிப் படிப்பு அந்த மெஷினின் சக்கரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வீடு மாறினால் தெரு கூடவே வராது.

“கஸ்டமர் துணி மேல சொட்டுதுங்க. வீட்டுக்காரருக்குப் படம் எடுத்து அனுப்புங்க.”

“அனுப்பறேன்.”

“ஒழுகுதுன்னு எழுதுங்க.”

“எழுதணுமா? படமே பேசும்.”

“படம் பேசும்னா நான் எதுக்கு இங்க தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன்?”

அவர் எடுத்தார். அனுப்பினார். ஒரு தடவை இல்லை, பல தடவை. வீட்டுக்காரர் வேறு ஊரில் இருந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினார், கொத்தனாரை அனுப்பவில்லை. “கல் நெஞ்சுக்காரன்” என்று மனைவி மெஷினை மிதித்தாள். சக்கரம் சபித்துக்கொண்டே சுற்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. மனைவி கண்ணால் சொல்ல, நம்மவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!” என்றது ஆனந்தத்தில் நடுங்கிய குரல். “என் பையன் இந்தப் பக்கமே வரமாட்டேன்னு அடம் பிடிச்சிட்டிருந்தான். நீங்க அனுப்பின படத்தயெல்லாம் காட்டினேன். இவ்ளோ அழகாவா இருக்கு நம்ம வீடுன்னு அசந்துட்டான்! குடும்பத்தோட வந்துடறானாம். நீங்க ஒரு மூணு மாசத்துல காலி பண்ணிக் குடுத்துடுங்க. வீட்டக் கோயில் மாதிரி வெச்சிருக்கீங்க தம்பி, நல்லா இருங்க!”

மெஷின் நின்றது.

அந்த மெஷின் எப்போது நின்றாலும் வீட்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். மகள் அப்பாவின் கையிலிருந்து கைபேசியை வாங்கினாள். அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கூரை பாலைப்போல் வெண்மையாக இருந்தது. வாளி இல்லை. தொங்கும் ஒயர் இல்லை. சுவரின் விரிசல் இல்லை. ஒரு படத்தில் மெஷினே இல்லை. மெஷினில் உட்கார்ந்திருந்தவளும் இல்லை.

“அப்பா, கறை எங்கப்பா?”

“அது…” என்றார். “அது பாக்கவே கஷ்டமா இருந்துச்சும்மா.”

“அதத்தானேப்பா காட்டணும்?”

“வாளிய மட்டும்தான் அழிக்கலாம்னு பாத்தேன். அதுவா கறையையும் வட்டம் போட்டு, அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு. அது கேக்கறப்போ எப்படி வேணாம்னு சொல்றது?”

“நான் கேக்கறப்பல்லாம் சொன்னீங்களே!” என்றாள் மனைவி. பிறகு எழுந்து வந்து அந்த மெஷின் இல்லாத படத்தை வெகுநேரம் பார்த்தாள். “என்னையும் அழிச்சிட்டீங்க. அதான் அந்த மனுஷன் காலி பண்ணுங்கன்னு சொல்றாரு. படத்துல யாரும் இல்லாத வீடு. சும்மாதானே கிடக்குதுன்னு நினைச்சிருப்பாரு.”

இடி விழுந்தது நம்மவர் நெஞ்சில். வெளியே விழ இடமில்லாமல் கண்ணில் இரண்டு சொட்டு எட்டிப்பார்த்தது. வாளியில் ஒன்று விழுந்தது, அது கூரையுடையது.

“இப்பவே எடுங்க. இருக்கறது இருக்கறபடி” என்றாள் அவள்.

இருக்கிறதை இருக்கிறபடி! மது குடிப்பவனிடம் புட்டியைக் கவிழ்க்கச் சொன்னாலும் இத்தனை நடுங்கியிருக்கமாட்டான். கறையைப் படம் எடுத்தார். விரல் தானாகவே வட்டமிடப் போயிற்று, மகள் தட்டிவிட்டாள். வாளியைப் படம் எடுக்கப் போனார். “கிழிசல் தெரியற பக்கத்தக் கொஞ்சம் திருப்பி வெக்கட்டுமா?” என்று கெஞ்சினார். “வாளி இருக்கட்டும்” என்றாள் மனைவி. அனுப்பும் பொத்தானை மகளே அழுத்தினாள், அவரை நம்பவில்லை.

பதில் உடனே வந்தது. இம்முறை கும்பிடு பொம்மை இல்லை.

“காலி பண்ணச் சொன்னதும் ஏஐ-ல கறை வரைஞ்சு அனுப்பறீங்களா? இவ்ளோ நல்ல வீட்ட இப்படி அசிங்கப்படுத்த உங்களுக்கு எப்படித் தம்பி மனசு வந்துச்சு?”

பார்த்தீர்களா நியாயத்தை? வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மனிதர் உள்ளதை உள்ளபடி காட்டுகிறார். பொய்யன் என்ற பட்டம் அன்றைக்குத்தான் கிடைக்கிறது.

அடுத்த வாரம் வீட்டுக்காரரே வந்து இறங்கினார். கையில் கைபேசி, கைபேசியில் வீடியோவில் மகன். “பாருடா, இதான் வாசல். இதான் முன்னறை…” என்று பேசிக்கொண்டே உள்ளே வந்தவர் நடுவில் நின்றார். வாளியைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். வழுக்கைத் தலையில் பளிச்சென்று ஒரு சொட்டு விழுந்தது.

“அப்பா, உங்க தலைக்கு மேல என்ன அது?” என்றது கைபேசி.

“ஒண்ணுமில்லடா. வெளிச்சம் அப்படித் தெரியுது.”

“வெளிச்சமா சொட்டுது? கேமராவ மேல தூக்குங்கப்பா.” அவர் தூக்கினார். “வேணாம்பா. நான் இங்கயே இருந்துக்கறேன்” என்று சொல்லிக் கைபேசி இருண்டது.

வீட்டுக்காரர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருண்ட கைபேசியைத் துண்டால் துடைத்தார். “படம் பாத்தப்போ சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பேரப்பிள்ளைங்க இந்த அறையில ஓடற மாதிரியே நினைச்சிட்டேன்” என்றார். வாளி மட்டும் ‘டொக்’ என்றது.

மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாளித் தண்ணீர் இல்லை, நல்ல தண்ணீர். அவர் குடித்துவிட்டு அவளையும் மெஷினையும் இப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தார். “நீங்க இங்கயே இருங்கம்மா. எங்கயும் போக வேண்டாம்.”

“இருக்கோம். கொத்தனார் எப்ப வருவாரு?”

“நாளைக்கே.”

“இங்கயே போன் பண்ணிச் சொல்லுங்க. இவர் முன்னாடி வேணாம், என் முன்னாடி.”

அவர் சொன்னார். அதன்பிறகுதான் மெஷின் மறுபடி ஓடியது.

புறப்படும் முன், “எல்லாரும் ஒரு படம் எடுத்துக்கலாம்” என்றார் வீட்டுக்காரர். ஒரு புட்டியில் அப்பாவின் கைபேசியைச் சாய்த்துவைத்து மகளும் ஓடிவந்து நின்றுகொண்டாள். நடுவில் நீல வாளி. எல்லோர் கண்ணும் நம்மவர் விரல்மீதே இருந்தது. அவர் வாளியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். விரலை மடக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ‘மனிதர் திருந்திவிட்டார்!’ என்று உங்களைப்போலவே எனக்கும் மார்பு விம்மியது.

மறுநாள் அவர் அந்தப் படத்தை உறவினர் குழுவில் போட்டார். கறை அப்படியே இருக்கிறது. ஒயர் தொங்குகிறது. மனைவி சிரிக்கிறாள். வாளி கிழிசலோடு நடுவில் ராஜாவாக உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்காரரைத்தான் காணோம்.

“வாளி இருக்கட்டும்னு சொன்னே, வெச்சிருக்கேன். அவர் ஜன்னல் வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு நின்னாரு” என்றாராம் மனைவியிடம். மகளின் தோளில் ஒரு வயதான கை மட்டும் மிச்சம் இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இப்படி ஒருவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் மைத்துனர், உங்கள் பக்கத்து மேசைக்காரர், யாராவது. அது நீங்கள் இல்லை. நிச்சயம் நீங்கள் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டே வந்தபோது, ‘இந்த வரி இல்லாமல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே’ என்று ஓரிடத்தில் தோன்றியதல்லவா? அப்போது உங்கள் ஆள்காட்டி விரல் எங்கே இருந்தது?