நாற்பத்தேழாம் பக்கத்துப் புரோட்டா

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் யார் வீட்டில் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள் என்று தெரிந்த ஒரே மனிதர் சம்ப் சார்தான். ஆனாலும் அவர் ஒழுக்கமானவர், சத்தியமாகச் சொல்கிறேன். தெருக் கழிவெல்லாம் வந்து விழும் ஆழமான தொட்டிக்கு எங்கள் தொழிலில் சம்ப் என்று பெயர். அதிலிருந்துதான் மோட்டார் கழிவுநீரை ஏற்றி ஊருக்கு வெளியே தள்ளும். மற்றவர்கள் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிற கவலையோடு அவர் அந்தத் தொட்டியைப் பற்றிப் பேசுவார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

எங்கள் டிசைன் ஆபீஸ் ராஜபாளையத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஊர் ஊராகப் பம்பிங் ஸ்டேஷன் வடிவமைத்துத் தருவது தொழில். முதலாளி என்றைக்கோ ஒரு கடலோர ஊருக்குச் செய்த ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் ஊர்ப் பெயரை மாற்றுவதற்குத்தான் வடிவமைப்பு என்று பெயர். ஒருமுறை மலையடிவார ஊர் ஒன்றுக்குப் போன ரிப்போர்ட்டில், கடல் காற்றின் உப்பு மோட்டாரை அரிக்காமல் காப்பது எப்படி என்று முழுசாக ஒரு அத்தியாயம் இருந்தது. அது அரசு அலுவலகத்தில் ஐந்து மேஜைகளைக் கடந்து, ஐந்து கையெழுத்துகளோடும் 'நன்று' என்ற குறிப்போடும் திரும்பி வந்தது.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சம்ப் சார் சிரிக்கவில்லை. அடுத்த ரிப்போர்ட்டிலிருந்து நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு வரி சேர்க்க ஆரம்பித்தார். இதைப் படித்தவர் போன் செய்தால் அவருக்கு நாலு எண்ணெய்ப் புரோட்டாவும் ஒரு ஆம்லெட்டும் வாங்கித் தரப்படும் என்று எழுதி, கீழே தன் செல் நம்பரையும் போட்டார். பதினோரு ஊர்களுக்கு ரிப்போர்ட் போயிற்று. ஒரு புரோட்டாகூடச் செலவாகவில்லை.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளமான ஒரு தெருவுக்கு வேலை வந்தது. பெயரை மாற்றி இரண்டு நாளில் கொடுக்கச் சொன்னார் முதலாளி. சம்ப் சாரோ ஒரு ஸ்டூல், ஸ்டாப் வாட்ச், நோட்டு சகிதம் தெருவுக்குக் கிளம்பிவிட்டார். குடை பிடிக்க நான். புத்தகத்தில் கழிவுநீர் அதிகம் வரும் நேரம் காலை ஏழு மணி என்று போட்டிருக்கிறது. ஷிப்டுக்குப் போகிற மில் தொழிலாளிகள் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டா குளிக்கிறார்கள் என்பது அவர் கேள்வி. வீடு வீடாகப் போய், எத்தனை மணிக்குக் குளிப்பீர்கள், எத்தனை குடம் என்று விசாரித்தார். மூன்றாவது வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான்.

கடைசி வீட்டில் இருந்தவர் முத்துமாரி. மில் வேனில் வந்து அப்போதுதான் இறங்கியிருந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொம்பளைக எப்பக் குளிக்காகன்னு கேட்டு வந்திருக்கீகளே, வீட்ல சொல்லிட்டு வந்தீகளா?"

"சொல்லிட்டுத்தான்மா வந்தேன். எம்புட்டு குடம்னு மட்டும் சொல்லும்மா" என்றார் சம்ப் சார், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

முத்துமாரி எங்களை உள்ளே கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. மழை வலுத்தால் தெருச் சாக்கடை முழுக்கக் கழிவறைக் குழி வழியாக அவர் வீட்டுக்குள் ஏறிவிடும். அரிசி மூட்டை பரணில் இருந்தது. பாயும் பரணில் இருந்தது.

"குளிக்கத நான் சொல்லுதேன். இந்தக் கோட்டுக்கு இனிமே தண்ணி வராதுன்னு நீங்க சொல்லுவீகளா?"

சம்ப் சார் குனிந்து அந்தக் கோட்டின் உயரத்தை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார். "வராதும்மா" என்றார். எங்கள் தொழிலில் யாரும் இப்படி வாக்குக் கொடுத்துப் பார்த்ததில்லை.

மில் வேன்கள் வந்து போன பிறகு, மதியம் இரண்டரை மணிக்குத்தான் அந்தத் தெருவில் கழிவுநீர் உச்சம் என்று கண்டுபிடித்தார். தொட்டியை அந்தக் கணக்குக்கு வரைந்தார். சிறிதாக இருந்தால் மோட்டார் நின்று நின்று ஓடி உள்ளே கம்பிச்சுருள் எரியும், பெரிதாக இருந்தால் கழிவு தேங்கித் தெருவே நாறும் என்று எனக்கு மூன்று நாள் பாடம் நடந்தது. பிறகு மோட்டாருக்கான கரண்ட் பெட்டியை ஒன்பது படி உயரத்தில் தூக்கி வைத்தார். ஸ்டேஷனை ஓட்டுகிற முறையை எல்லாம் தமிழில் எழுதினார்.

முதலாளிக்கு இரண்டும் பிடிக்கவில்லை. கரண்ட் பெட்டிக்கு எதற்கு மாடி வீடு, ஐந்து படியைக் குறையுங்கள் என்றார். தமிழில் எழுதினால் ரிப்போர்ட்டுக்கு வெயிட் இருக்காது என்றும் சொன்னார். சம்ப் சார் இரண்டுக்கும் பவ்யமாகத் தலையாட்டினார். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பிவிட்டார். ஐந்து மேஜை, ஐந்து கையெழுத்து, 'நன்று'. யாராவது படித்திருந்தால் அந்த ஐந்து படிகள் அன்றைக்கே போயிருக்கும்.

திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர் ஒன்பது படி ஏறி நின்று பொத்தானை அழுத்தினார். கூட்டத்தில் கடைசி ஆளுக்கும் அவர் முகம் தெரிந்தது. போட்டோவும் பிரமாதமாக வந்தது. இந்த உயரம் யார் யோசனை என்று பூரித்துப்போய்க் கேட்டார். நம்ம யோசனைதான் என்றார் முதலாளி. சம்ப் சார் கீழே தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு அவர் ஓய்வு பெற்றுச் சுந்தரபாண்டியத்தில் கத்தரிக்காய் போடப் போய்விட்டார். ஸ்டேஷனை ஓட்டும் வேலை ஒப்பந்தத்தில் அந்தத் தெரு மகளிர் குழுவுக்குக் கிடைத்தது. முத்துமாரி மில்லை விட்டுவிட்டு ஆபரேட்டர் ஆனார்.

அந்த ஐப்பசியில் பேய்மழை. ஸ்டேஷன் இருக்கிற மூலைதான் தெருவிலேயே பள்ளம். அங்கே தண்ணீர் ஐந்தாம் படியைத் தொட்டுவிட்டு நின்றது. பெட்டி நனையவில்லை, ஆனால் மோட்டாரும் ஓடவில்லை. தொட்டி நிரம்பும்போது மேலே வந்து மோட்டாரைக் கிளப்ப வேண்டிய மிதவையை ஒரு கிழிந்த சேலை சுற்றிப் பிடித்திருந்தது. மேற்பார்வையாளருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கடைசியில் முத்துமாரி கரண்ட் பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில் இருந்த ரிப்போர்ட்டை எடுத்தார். நாற்பத்தாறு பக்கம் இங்கிலீஷ். நாற்பத்தேழில் தமிழ் இருந்தது. மிதவை மாட்டிக்கொண்டால் சுவிட்சை வலது பக்கம் திருப்பு, தண்ணீர் தொட்டிக்குள் இருக்கிற சிவப்புக் கோட்டுக்கு இறங்கியதும் நிறுத்து என்று எழுதியிருந்தது. திருப்பினார். மோட்டார் ஓடியது. வீட்டில் கழிவறைக் குழி குமுறியதோடு சரி.

தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு இறங்கும்வரை பக்கத்தில் மிச்சம் இருந்ததையும் செல் நம்பர் வரை படித்திருக்கிறார்.

சற்று நேரத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. "ஏலே, ஒரு ஆளு படிச்சிருக்காவலே" என்றார் சம்ப் சார். கையோடு, எண்ணெய்ப் புரோட்டா இப்போது என்ன விலை என்று கேட்டார்.

மறுநாள் மதியம் புரோட்டாப் பார்சலோடு அந்தக் கடைசி வீட்டுக்குப் போனோம். முத்துமாரி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சம்ப் சார் அதில் உட்காரவில்லை. குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தார். சுவரோரம் வரை தடவினார். கையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இங்கனயே சாப்பிடுவோம்மா" என்றார்.

சம்ப் சாரைக் கேலி செய்து நான் சொல்லாத ஆள் கிடையாது, சொல்லாத இடம் கிடையாது. ஆனால் அவர் அந்தத் தரையில் உட்கார்ந்ததை மட்டும் இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.