மடிந்தவரின் மடிக்கணினி

இந்த வீட்டில் கணினியை நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று சபதம் செய்தேன். என் மனைவி அச்சாம்மா ஐம்பது வயதில் பல்கலைக்கழகத்தில் கணினிப் படிப்புக்குச் சேர்ந்திருந்தாள். புருஷனான என்னை எங்கள் வழக்கப்படி 'இச்சாயா' என்றுதான் கூப்பிடுவாள்.

"இச்சாயா, எடை கம்மியா, பேட்டரி நல்லா நிக்கிற மாதிரி புதுசு ஒண்ணு."

"புதுசு எதுக்குடி? வர்க்கி சாரோடது சும்மா கிடக்கு."

வர்க்கி சார் பக்கத்து வீட்டுப் பேராசிரியர். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் காலமானார். கனடா திரும்பும்போது அவர் மகன் அதை என் தலையில் கட்டிவிட்டான். அம்மிக்கல் எடை. மடியில் வைப்பதால் மடிக்கணினி என்பார்கள். இது மடிந்தவருடையது.

"செத்தவர் சாமான்லயா நான் படிக்கணும்?"

"அறிவாளி வச்சிருந்ததுடி. ஒட்டிக்கும்."

அவள் அதை வாங்கித் துடைத்து, ஏதேதோ தட்டிப் பார்த்தாள். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்துக்குப் போய்வந்து, சாப்பிட்டுச் சாய்ந்திருந்தேன். ரப்பர் மரங்கள் மேல் மழை சடசடத்தது. மேசையில் திறந்து கிடந்த கணினி தானாக ஒளிர்ந்தது. அம்புக்குறி எறும்பு மாதிரி ஊர்ந்தது. நின்றது. வெள்ளைப் பக்கம் விரிந்தது. ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

'குருவிளா.'

என் பெயர்.

'என் கண்ணாடி எங்கே?'

சவப்பெட்டியை மூடுமுன் அவர் கண்ணாடியைக் கழற்றியது நான்தான். கேமரா ஓரத்தில் பச்சைப் பொட்டு ஒன்று என்னையே பார்த்தது. பிறகு இருமல். சாருடைய அதே வறட்டு இருமல். பட்டென்று மூடினேன். மூடிய பிறகும் உள்ளே இருமினார்.

"அச்சாம்மா!"

கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்ன இச்சாயா, முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"சார்... கண்ணாடி கேக்குறாரு!"

"குடுத்திட வேண்டியதுதானே?"

"அடியே!"

"பாவம், ஆத்மா அலையுது. இந்தக் கம்ப்யூட்டரை அவங்க வீட்டுலயே வச்சிரலாம். எனக்குப் படிப்பே வேணாம்."

"படிப்பை விடாதே! நாளைக்கே புதுசு வாங்கறேன்!"

"எடை கம்மியா?"

"இறகு மாதிரி!"

வாங்கினேன். அடுத்த மாதம் வகுப்பிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். செய்முறைத் தேர்வில் முதலிடமாம்.

"என்னடி செய்யச் சொன்னாங்க?"

"போன் வழியா, தூரத்துல இருந்தே ஒரு கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கணும்."

அன்று தானாக ஊர்ந்த அம்புக்குறி என் கண்முன் வந்தது. "அப்போ இருமல்?"

"சாரோட பழைய பாடம் ஒண்ணு அதுலயே பதிவாகி இருந்தது. நடுநடுவே இருமுவாரு."

"இதுக்கா முதல் மார்க்கு?"

"கம்ப்யூட்டரை ஆட்டினதுக்குப் பாதிதான் இச்சாயா. மீதி உங்களை ஆட்டினதுக்கு."