குகைப் பஞ்சின் உயிர்நிறம்

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் உன் படகும் நலம்தானே? மூழ்கும்போதெல்லாம் முழுசாக மேலே வந்து சேர்வாயாக. இங்கே நான் நலம். உன் அக்காவும் நலமாகத்தான் இருக்க வேண்டும். என்னோடு பேசி இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. காரணம் நீ.

பவளப்பாறைக் குகையின் கூரையிலிருந்து ஒரு கடற்பஞ்சைப் பெயர்த்து அனுப்பினாயே, அது என் மேசையில் ஸ்பிரிட் புட்டிக்குள் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. ஒரு கிள்ளு எடுத்து பிளீச்சில் கரைத்தேன். சதை போய் எலும்பு மிஞ்சியது. எலும்பு என்றால் கண்ணாடி ஊசிகள். நங்கூரம் போல ஒன்று, நட்சத்திரம் போல ஒன்று. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் எடுக்க மனசு வராது. கொஞ்ச நேரத்தில் நானே அந்தக் கூரையில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, வாயில்லாமல் கண்ணில்லாமல், சும்மா தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றும். பேச்சே தேவைப்படாத வாழ்க்கை. பக்கத்து மேசைக்காரர் தோளைத் தட்டி, "சார், ஆபீஸ் பூட்டணும்" என்பார்.

இது யாரும் இதுவரை விவரிக்காத இனம் என்று அடித்துச் சொல்வேன். உன் அக்கா பெயரைத்தான் வைக்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லியும் தொலைத்தேன். ஆனால் ஏறக்குறைய இதே ஊசிகளோடு மஞ்சளாக ஒரு பழைய இனம் உண்டாம்; நிறம் வேறாக இருந்தால்தான் இது புதுசு. "உயிரோடிருந்தபோது என்ன நிறம்? வெள்ளிக்கிழமைக்குள் எழுதாவிட்டால் கட்டுரைக்கு இடமில்லை" என்கிறார் இதழாசிரியர். உன் கேமராவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பார்த்த கண் உன்னுடையது மட்டும்தான். போனில் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "அத்தான், நீங்க முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்போ அக்கா ஒரு சட்டை போட்டிருந்தாளே, அச்சு அசல் அதே கலர்!" சொல்லிவிட்டு, போன் எட்டாத கடலுக்குப் போய்விட்டாய்.

எனக்கு அந்தச் சட்டை ஞாபகமில்லையடா. கதவைத் திறந்த முகம் இருக்கிறது, ஜன்னல் வெளிச்சம் இருக்கிறது, கழுத்துக்குக் கீழே ஒரே மூடுபனி. நேராகக் கேட்டால் குட்டு வெளிப்படுமே என்று, சாப்பிடும்போது சாதாரணமாக, "அன்னைக்குப் போட்டிருந்தியே, அந்தச் சட்டை இன்னும் இருக்கா?" என்றேன், அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து, "எந்தச் சட்டை?" என்றாள், "அதான், அந்தக் கலர்" என்றேன், "எந்தக் கலர்?" என்றாள், நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அழகான கலர்" என்றேன், "சரி, அது என்ன கலர்னு சொல்லிட்டு அப்புறம் எங்கிட்ட பேசுங்க" என்று எழுந்து போனவள்தான், மறுநாள் நான் பெயிண்டுக் கடையில் நிற அட்டை வாங்கிவந்து அவள் அலமாரியைக் குடைந்து ஒவ்வொரு துணியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றாள், திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நான் விழித்தேன், அலமாரிச் சாவியும் போச்சு. மதியத் தூக்கத்தில் அவள் கதவைத் திறக்கிறாள். சட்டை நீலமாகி, ஊதாவாகி, கிட்டே போனால் தண்ணீராகிவிடுகிறது. பஞ்சு போனால் போகட்டும். அவள் பேசாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

நீ வியாழனன்று கரையேறும் துறைமுகத்துக்கு இதை அனுப்புகிறேன். கையில் கிடைத்ததும் போன் செய், ஒரே ஒரு சொல் போதும்: என்ன கலர்? மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். நீ தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். பதினொரு நாளில் முதல் பேச்சு: "போயும் போயும் அவன்கிட்டயா கலர் கேட்டீங்க? சின்ன வயசுலேருந்தே அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதானே!" இத்தனை வருஷத்தில் இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆசிரியருக்கு 'நிறம் தெரியாது' என்று எழுதிவிடுகிறேன். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் இந்தக் கடிதம் மட்டும் உனக்கு வருகிறது. போகட்டும், அந்தச் சட்டை என்ன கலர் என்றாவது சொல் என்று அவளைக் கெஞ்சினேன். ஜன்னல் கதவைத் திறந்து வெளிச்சம் விட்டாள். பிறகு சொன்னாள்: "எனக்கும் ஞாபகம் இல்லீங்க. நீங்க சொல்லுவீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."