சோதிலிங்கம் கட்டிய தனிக்குடித்தனம்

பகலில் தூங்கியே தீருவது என்று சோதிலிங்கம் முடிவெடுத்தார். மனிதர் உலகத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. மங்கரே விமான நிலையத்தில் இரவெல்லாம் சரக்கு ஏற்றி இறக்கிவிட்டு, விடிந்ததும் பக்கத்து ஊரான பாபடோயிட்டோயில் இருந்த தன் வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுவார். புரளுவார். எழும்பித் திரைச்சீலையை இழுத்து மூடுவார். மறுபடி புரளுவார். ஒரு தலையணை தலைக்குக் கீழே, இன்னொன்று தலைக்கு மேலே.

சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் சுந்தரமூர்த்தி குடும்பம். இந்த வினையைச் சோதிலிங்கம் தானாகவே விலைக்கு வாங்கியிருந்தார். ஏர்போர்ட்டில் வேலை என்பதால் எந்தத் தமிழன் வந்து இறங்கினாலும், "வீடு எடுக்கும் வரைக்கும் எங்களோட இருங்கோ" என்று கூட்டி வந்துவிடுவார். கூப்பிடுவது அவர், சமைப்பது மனைவி சரோஜாதேவி. ஒரு குடும்பம் போனால் அடுத்த விமானத்தில் இன்னொன்று. இப்போது சுந்தரமூர்த்தியும் மனைவியும், நடக்கவே தெரியாமல் ஓட மட்டும் தெரிந்த நாலு பிள்ளைகளும். போகச் சொல்ல வாய் வருமா? பெருந்தன்மையானவர் என்று ஊரில் பேரெடுத்தாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அரசாங்கம் கண் திறந்தது. சொந்த வீட்டுக்காரர்கள் கராஜை மாற்றித் தனிக் குசினி, தனிக் குளியலறை, தனி வாசல் வைத்து வாடகைக்கு விட்டால், கட்டுகிற செலவில் அரசாங்கம் ஒரு பங்கு தருமாம். ஒரே நிபந்தனை, வீடு காலியாகக் கிடக்கக் கூடாது. ஓர் அதிகாரி வந்து ஆள் குடியிருக்கிறதா என்று பார்ப்பார்.

சோதிலிங்கத்துக்கு அன்று மூளை வேலை செய்தது. கட்டுவது, வாடகைக்குக் கேட்டு வருகிற ஆட்களையெல்லாம் விரட்டுவது, அதிகாரி வரும் நேரத்தில், "வேற வழியில்லை சரோ, குடும்பத்துக்காக நானே போய் அங்க கிடக்கிறன்" என்று தியாகியாகி உள்ளே போய்ப் படுத்துவிடுவது. வேலைக்குப் போகும் வழியில் காருக்குள்ளேயே தழுதழுத்த குரலில் சொல்லிப் பழகிக்கொண்டார்.

"இஞ்ச பாரும் சரோ, கராஜில ஒரு பிளாட் கட்டுவம். அரசாங்கம் உதவி செய்யுது."

"கராஜில கிடக்கிற உங்கட சாமானெல்லாம்?"

"எறிவம்."

சரோஜாதேவி அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தேய்ந்த டயரைக்கூடத் தொட விடாத மனுசன்.

"ஆருக்கு விடப் போறியள்?"

"நல்ல ஆக்களாப் பாத்துத்தான்."

"சரி, கட்டுங்கோ. குசினி கொஞ்சம் பெரிசா இருக்கட்டும். கதவுக்கு உள்ளுக்கும் ஒரு பூட்டுப் போடுங்கோ."

"வாடகைக்கு வாறவைக்கு ஏனப்பா அவ்வளவும்?"

"பாவம், அவையும் மனிசர்தானே."

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கட்டி முடிந்து பால் காய்ச்சிய அன்று, யாரும் பார்க்காத நேரத்தில் உள்ளே போய்ப் புதுக் கம்பளத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

முதலில் வந்தவர்கள் தமிழ்நாட்டுச் செல்வராஜும் மனைவி கல்யாணியும். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள்.

"வீடு ரொம்பப் பிடிச்சிருக்குங்க. எப்ப வரலாம்?"

"வாங்கோ தம்பி. ஆனா ஒளிக்கக் கூடாது. என்ர மனிசி கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"பொல்லாதவ. நீங்கள் குளிக்கிற சத்தம் கேட்டா வந்து கதவில இடிப்பா. முந்தி இருந்த வீட்டில பக்கத்து வீட்டுக்காரரே ஊர் மாறிப் போனவர்."

அந்த நேரம் பார்த்துச் சரோஜாதேவி தேநீரும் சுடச்சுட வடையும் கொண்டு வந்தாள். அவர்கள் இருவரும் நின்றபடியே, அவள் கையிலிருந்து கண்ணை எடுக்காமல் வடையை விழுங்கினார்கள். "ரொம்ப நல்லா இருக்குங்கம்மா" என்றாள் கல்யாணி, வாசல் பக்கம் நகர்ந்தபடி.

அடுத்து வந்தவர்களுக்கு, சோதிலிங்கத்தின் வாயில் சரோஜாதேவி இன்னும் கொஞ்சம் வளர்ந்தாள். ஒருவருக்குத் தட்டு எறிந்தாள். இன்னொருவருக்கு மருந்து குடிக்க மறுத்தாள். யாரும் திரும்பி வரவில்லை.

அதிகாரி மறுநாள் வருவதாகச் செய்தி வந்தது. அவர் வரும் நாள் காலையில் சோதிலிங்கம் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டு பிளாட்டுக்குப் போனார். உள்ளே கோப்பி மணந்தது. கட்டில், டீவி, சேலைகள், சாமிப்படம் எல்லாம் குடிவந்திருந்தன. நடுவில் சரோஜாதேவி கால் நீட்டிக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"சரோ, ஆள் கிடைக்கேல்லை. குடும்பத்துக்காக நானே..."

"நீங்கள் ஏனப்பா கஷ்டப்படுவான். குடும்பத்துக்காக நான் வந்திட்டன்."

"நீரோ?"

"பொல்லாத மனிசி இருக்கிற இடத்துக்கு ஒருத்தரும் வர மாட்டினமாம். கோயில்ல எல்லாரும் விலகி விலகிப் போச்சினம். ஏனெண்டு கல்யாணியைக் கேட்டன், பாவம், அழுதுகொண்டே எல்லாம் சொன்னவ. அதுதான் அந்தப் பொல்லாதவளைத் தனியா எடுத்து வைச்சிருக்கிறன்."

"அப்ப அங்க சமையல்?"

"சுந்தரமூர்த்தியண்ணைக்குக் காலமை இடியப்பம் வேணும். சம்பல் உறைப்பா இருக்க வேணும். வாற கிழமை இன்னொரு குடும்பம் இறங்குதாம், நீங்கள்தானே கூப்பிட்டனீங்கள்."

பின்னால் மகள் கம்சாயினி வந்து நின்றாள். "அப்பா, வேர் இஸ் மை லஞ்ச்?"

அதிகாரி வந்தார். ஆள் குடியிருப்பதைப் பார்த்தார். வடை தின்றார். மிகவும் திருப்தி என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் பாத்திரம் கழுவிய கையோடு சோதிலிங்கம் படுத்தார். நாலு பிள்ளைகளும் ஓடினார்கள். "அண்ணை, தேத்தண்ணி இருக்கோ?" என்று சுந்தரமூர்த்தி கதவைத் தட்டினார். சோதிலிங்கத்துக்கு உண்மையாகவே அழுகை வந்தது. எழுந்து, தலையணையோடு முற்றத்தைக் கடந்து, பிளாட் வாசற்படியில் ஒரு காலை வைத்தார்.

"சரோ, ஒரு மூலையில ஒரு மணித்தியாலம் படுத்திட்டுப் போறன்."

சரோஜாதேவி கதவைப் பாதி திறந்தாள்.

"இந்த நாட்டுச் சட்டப்படி, வீட்டுக்காரர் உள்ளுக்கு வாறதெண்டா முன்கூட்டியே அறிவிச்சுப் போட்டுத்தான் வரவேணும்."